யானைக்குத் தீனி இல்லை

மார்ச் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது மணி. பள்ளியின் இரண்டாம் மாடியில், ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில், முப்பத்திரண்டு மாணவர்களுக்கு, நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒன்றாக, எட்டு உறைகள் வழங்கப்பட்டன. ஒவ்வோர் உறையிலும் ஐந்து தாள்கள் இருந்தன. கடைசி வரிசையில் மூன்று பெரியவர்கள், பிள்ளைகளுக்கான நாற்காலிகளில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவில் இருந்தவர் ஆய்வாளர். ஒல்லியான மனிதர், தேர்ச்சி விகிதத்தைப் பார்த்தாலும் தேநீரைப் பார்த்தாலும் ஒரே முகம். அவருக்கு இடப்பக்கம் தலைமை ஆசிரியை. வலப்பக்கம் கணக்கு ஆசிரியர். கணக்கு ஆசிரியர் வந்திருந்த காரணம் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். புதன், வெள்ளி இரண்டு நாளும் கடைசிப் பாடவேளை, பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு வகுப்புக்கு இரண்டு வருடமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் கணக்குக்கு வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். வகுப்பை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு ஆய்வாளர் முடிவு சொல்வதாக ஏற்பாடு. அதற்காகத்தான் புதன்கிழமை வகுப்பைச் செவ்வாய்க்கு இழுத்து வைத்திருந்தார்கள்.

வகுப்பு வரலாற்று ஆசிரியையுடையது. போர் வரலாறு, பாடப்புத்தகம் இல்லாமல். பாடப்புத்தகத்தில் ஒரு போருக்கு நான்கு வரி கிடைக்கும்: காரணம், ஆண்டு, வென்றவர், விளைவு. அவள் ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு விடுமுறை தவறாமல் போய், அங்கிருக்கும் காப்பாளரைத் தாஜா செய்து, நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் நகல் எடுத்து வந்தாள். முதல் வருடம் அவள் கொடுத்த முதல் தாள் ஒரு படைப்பிரிவின் தினக்குறிப்பு. 'இன்று குறிப்பிடத்தக்க நிகழ்வு எதுவும் இல்லை' என்று அதில் எழுதியிருந்தது. இரண்டாவது தாள் அதே நாளில் அதே பிரிவிலிருந்து ஒரு சிப்பாய் தன் தங்கைக்கு எழுதியது. காலையில் தன்னோடு சேர்ந்து முகம் மழித்துக்கொண்ட இரண்டு பேர் மாலையில் இல்லை என்று அதில் இருந்தது. பிள்ளைகள் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அன்றைக்கு மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு நாளுக்காகவே அவள் இந்த வகுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கரும்பலகைக்கு மேலே ஐந்து கேள்விகள் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தன. எழுதியது யார்? எப்போது? யாருக்கு? எதற்கு? நேரில் பார்த்தாரா?

இந்த ஐந்தும் வகுப்பறைக்குள் அடங்கி நிற்கவில்லை. 'மாடிப்படியில் ஓடுவது அதிகரித்துள்ளது' என்ற தலைமை ஆசிரியையின் சுற்றறிக்கை, 'எழுதியவர் நேரில் பார்த்தாரா? ஆம் எனில் எந்தப் படி?' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஒரு தாய் பள்ளிக்கே வந்து புலம்பினாள். "என் பொண்ணு நான் சொல்ற எதையும் இப்போ நம்பறதில்ல டீச்சர். பெரியம்மா வீட்டுல சண்டைன்னு சொன்னா, 'நீ பார்த்தியா, சித்தி சொன்னாங்களா, சித்திக்கும் பெரியம்மாவுக்கும் பேச்சுவார்த்தை உண்டா'ன்னு கேக்கறா. இவ எனக்குப் பொண்ணா, போலீசா?"

அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் பெயர் வக்கீல். அவள் முதல் குழுவில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே ரேடியோ. வாயை மூடினால் மூச்சு முட்டும் என்பது போல் பேசுகிற பையன்.

இன்றைய பாடம் கால்வாய்ப் பின்வாங்கல். நூறு வருடங்களுக்கு முந்தைய ஒரு போரில், நாலாயிரம் பேர் கொண்ட படை, எதிரிக்குத் தெரியாமல் ஒரு கால்வாயைக் கடந்து பின்னால் போயிருந்தது. உறையில் இருந்தவை: தினக்குறிப்பு, ஒரு கடிதம், கையால் வரைந்த வரைபடம், நோயாளிப் பட்டியல், ஐந்தாவதாகப் பின்வாங்கலுக்கான கட்டளைத் தாள். எப்படி ஓசையில்லாமல் போனார்கள் என்று ஐந்தையும் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் கால் மணி நேரம் தண்ணீர் போல ஓடியது. வரைபடத்தில் வடக்கு தப்பான பக்கம் இருப்பதை மூன்றாம் குழு பிடித்தது. கடிதம் எழுதியவர் பயப்படவில்லை என்று நான்கு தடவை எழுதியிருப்பதால் பயந்திருக்கிறார் என்று ஆறாம் குழு சொன்னது. ஆய்வாளரின் பேனா நகர்ந்தது. கணக்கு ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மிஸ், இவங்ககிட்ட யானை இருந்திருக்கு," என்றான் ரேடியோ.

"எந்த யானை?"

"அஞ்சாவது தாள்ல. 'முதலில் யானை. ஆறு பேர்.' தெளிவா போட்டிருக்கு மிஸ்."

ஆசிரியை அவன் மேசைக்குப் போய்த் தாளைப் பார்த்தாள்.

அது அவள் கணவரின் கையெழுத்து.

அவள் கணவர் பதினேழு வருடம் ராணுவத்தின் சரக்குப் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறார். உடுப்பைக் கழற்றினாரே தவிர எழுத்தைக் கழற்றவில்லை. வீட்டில் எது நடந்தாலும் அதற்கு ஒரு கட்டளைத் தாள் உண்டு: நிலவரம், நோக்கம், செயல், பொருள், தொடர்பு. கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போனதற்கே ஒன்று இருந்தது. அதில் இடைவேளையை 'மறுசீரமைப்பு' என்று குறித்திருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீடு மாற்றுகிறார்கள். கிடங்கிலிருந்து உதவிக்கு வரும் பன்னிரண்டு பேருக்கும் நகல் வேண்டும் என்று நேற்றுக் காலை ஒரு தாளைக் கொடுத்திருந்தார். அவள் அதைக் கால்வாய்க் கட்டளை இருந்த அதே கோப்பில் வைத்து, சாயங்காலம் பள்ளி இயந்திரத்தில் இரண்டையும் பன்னிரண்டு பன்னிரண்டாக நகல் எடுத்து, உறைகளில் போட்டு, கணவருடையது என்று எண்ணிய கட்டை அவரிடம் கொடுத்திருந்தாள். கொடுத்தது எது என்று பார்க்கவில்லை. நகல் இயந்திரத்துக்கு நூறு வருடமும் ஒன்றுதான், நேற்றும் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே கறுப்பு வெள்ளையாகத் துப்பிவிடும்.

தாளில் இருந்தது இது:

*நாள்: ஞாயிறு.*

*நிலவரம்: எதிர்த்தரப்பு மேல்தளத்தில் உள்ளது. 0600 முதல் ஜன்னலில் கண்காணிப்பு இருக்கும். கேள்வி கேட்டால் பதில் வேண்டாம். சிரித்தால் போதும்.*

*நோக்கம்: 1130-க்குள் பழைய நிலையைக் காலி செய்து புதிய நிலையில் இறங்குதல்.*

*செயல்: முதலில் யானை. ஆறு பேர். குறுகலான இடத்தில் பக்கவாட்டில் திருப்பவும். வாயைக் கயிற்றால் கட்டவும். அடுத்து கிழவர். எக்காரணம் கொண்டும் படுக்க வைக்கக் கூடாது. போய்ச் சேர்ந்ததும் நான்கு மணி நேரம் தொந்தரவு செய்யாமல் விடவும். தலைமையகம் 0900-க்கு முன் களத்துக்கு வராமல் பார்த்துக்கொள்ளவும். பொறுப்பு: சின்னவர். வந்துவிட்டால் நாற்காலி கொடுத்து, எதற்கும் சரி என்று சொல்லவும்.*

*பொருள்: கயிறு நான்கு சுருள், பழைய போர்வை பத்து. தேநீர் 0530, பன்னிரண்டு பேர்.*

*தொடர்பு: கூச்சல் வேண்டாம். கைச்சைகை.*

யானை என்பது பீரோ. அவள் அம்மா சீராகக் கொடுத்தது. மற்றவர்கள் யார் யார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இப்போது வாயைத் திறந்து, தவறான தாள் வந்துவிட்டது, மூடி வையுங்கள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் வகுப்பு அங்கேயே படுத்துவிடும். சொல்லாமல் விட்டு, முப்பத்திரண்டு பேரும் பீரோவை யானைப்படை என்று ஆய்வாளர் முன்னால் நிரூபித்துவிட்டால், இரண்டு வருடம் இவர்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தாய் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். குடிக்காமல் மூடினாள்.

அதற்குள் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டான்.

"மிஸ், எனக்கு எல்லாம் புரிஞ்சிருச்சு. கிழவர்னா தளபதி. வயசானவர். நெஞ்சுல காயம். படுக்க வச்சா நுரையீரல்ல ரத்தம் இறங்கிடும், அதான் நிமிர்த்தியே தூக்கிட்டுப் போறாங்க. போனதும் நாலு மணி நேரம் ஓய்வு. யானை வாயைக் கட்டறது பிளிறக் கூடாதுன்னு. நாலாயிரம் பேரு சத்தமே இல்லாம எப்படிப் போனாங்கன்னு கேட்டீங்கல்ல? இப்படித்தான்."

வகுப்பு கைதட்டியது. ஐந்தாம் குழு யானையின் எடையைக் கால்வாய்ப் பாலம் தாங்குமா என்று கணக்குப் போடத் தொடங்கியது. கணக்கு ஆசிரியரின் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

"அப்போ கால்வாய்ப் போர்ல யானைப்படை இருந்துச்சுன்னு குறிச்சுக்கலாமா டீச்சர்?" என்று அவர் பின்னாலிருந்து கேட்டார். குரலில் சர்க்கரை வழிந்தது.

"அவங்க இன்னும் முடிக்கல சார்," என்றாள் ஆசிரியை. பாட்டிலை மறுபடி திறந்து மூடினாள்.

"யானைக்குத் தீனி எங்க?" என்று கேட்டாள் வக்கீல்.

"என்னது?" என்றான் ரேடியோ.

"தினக்குறிப்புல கோவேறு கழுதைக்கு எவ்வளவு கொள்ளுன்னு போட்டிருக்கான். குதிரைக்கு எவ்வளவு புல்லுன்னு போட்டிருக்கான். நாயி ஒண்ணு சுத்திட்டிருந்துச்சு, அதுக்கு ரொட்டி குடுத்ததைக் கூடப் போட்டிருக்கான். யானைக்கு ஒரு வாழைமட்டை கூட இல்ல. பட்டினி போட்டே போருக்குக் கூட்டிட்டுப் போனாங்களா?"

"ரகசிய யானையா இருக்கும்."

"யானையை எங்கடா ரகசியமா வைப்பே? சட்டைப் பையிலயா?"

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. தலைமை ஆசிரியை மேசையைத் தட்டப் போனார்; ஆய்வாளர் கையைக் காட்டித் தடுத்தார்.

அதன் பிறகு வகுப்பு ஐந்தாவது தாளின் மேல் எறும்பு போல மொய்த்தது. நோயாளிப் பட்டியலில் நெஞ்சில் காயம்பட்ட அதிகாரி ஒருவரும் இல்லை. ஒரு தளபதி இருந்தார், அவருக்கு மூலம். "அவரை உக்கார வைக்கக் கூடாதுன்னுதான் போட்டிருப்பாங்க," என்றது எட்டாம் குழு. தினக்குறிப்பின்படி பின்வாங்கல் வியாழக்கிழமை, தாளில் ஞாயிறு. வரைபடத்தில் கால்வாயின் இரு கரையும் வெறும் வயல். மேல்தளம் இருக்கிற ஒரு கட்டடம் கூட இல்லை. நாலாயிரம் பேருக்கான கட்டளையில் பன்னிரண்டு பேருக்கு மட்டும் தேநீர்.

"மத்தவங்க வீட்டுலேயே குடிச்சிட்டு வந்திருப்பாங்க," என்றான் ரேடியோ. அவன் அவ்வளவு சுலபத்தில் யானையை விடுகிறவன் இல்லை.

"துப்பாக்கி எங்க?" என்றாள் வக்கீல். "ஒண்ணு கூட இல்ல. கயிறு, பழைய போர்வை. எதிரி ஜன்னல்ல நிக்கறான், இவங்க அவனைப் பார்த்துச் சிரிக்கறாங்க. இது என்ன சண்டை?"

மூன்றாம் குழுவில் ஒருவன் தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். "மிஸ், மேல ஓரத்துல வரிசையா கறுப்பு கறுப்பா ஓட்டை. கம்பிச் சுருள் போட்ட நோட்டுலேர்ந்து கிழிச்ச மாதிரி. என் நோட்டுலயும் இப்படித்தான் இருக்கு." அவன் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பக்கத்தில் வைத்தான். ஓட்டைக்கு ஓட்டை பொருந்தியது. நூறு வருடத்துக்கு முன் கம்பிச் சுருள் நோட்டு ஏது என்று நாலைந்து குரல்கள் கேட்டன.

ரேடியோ தாளையே முறைத்துக்கொண்டிருந்தான். அவன் பேசாமல் இருந்தது அந்த வருடத்திலேயே முதல் தடவையாக இருக்கலாம். பிறகு மெதுவாக, யாரோ செத்துப்போன செய்தியைச் சொல்வது போலச் சொன்னான்.

"கிழவர் ஃபிரிட்ஜு."

"என்ன உளர்றே?"

"படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தியே கொண்டு போகணும். போனதும் நாலு மணி நேரம் தொடக் கூடாது. எங்க வீட்டுல போன மாசம் புதுசு வந்தப்போ கொண்டுவந்தவர் இதையேதான் சொன்னாரு. எங்கப்பா கேக்காம உடனே போட்டாரு, அம்மா ஒரு வாரம் அவர்கூடப் பேசல." அவன் நிமிர்ந்தான். "மிஸ், இது போர் இல்ல. யாரோ வீடு மாத்தறாங்க."

பிறகு யாராலும் யாரையும் பிடிக்க முடியவில்லை. "அப்போ யானை பீரோ." "வாயைக் கட்டறது கதவு திறக்காம இருக்க." "மாடிப்படியில திருப்பணும்." "எதிர்த்தரப்பு வீட்டுக்காரங்க, மேல குடியிருக்காங்க." எட்டு குழுக்களும் ஒரே நேரத்தில் போரை வென்றுகொண்டிருந்தன. தலைமை ஆசிரியை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார், தோள்கள் குலுங்கின.

"அஞ்சு கேள்விக்கும் பதில் சொல்லுங்க," என்றாள் ஆசிரியை.

வக்கீல் எழுந்து நின்றாள். "இது பொய் ஆவணம் இல்ல மிஸ். உண்மையான ஆவணந்தான், தப்பான உறைக்குள்ள வந்திருச்சு. எழுதினவர் ராணுவத்துல இருந்தவர். நேரம் எழுதற விதமே சொல்லுது. எழுதினது இப்போ, சமீபத்துல. யாருக்குன்னா உதவிக்கு வர்ற பன்னிரண்டு பேருக்கு. எதுக்குன்னா வீடு மாத்த. நேர்ல பார்த்தாரான்னா இனிமேதான் பார்க்கப்போறாரு. தலைமையகம்…" அவள் கொஞ்சம் யோசித்தாள். "வந்தா நாற்காலி போடணும், எதுக்கும் சரின்னு சொல்லணும், ஆனா வராம இருந்தா நல்லது. அது மாமியார்."

"எழுதினவரோட அம்மாவா, மனைவியோட அம்மாவா?" என்று கேட்டது ஆய்வாளர். அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"மனைவியோட அம்மா சார். தன்னோட அம்மாவை யாரும் ரகசியப் பேர் வச்சு எழுத மாட்டாங்க. சின்னவர்னு போட்டிருக்கறது மச்சானா இருக்கும். அவங்கம்மாவை அவரே பார்த்துக்கட்டும்னு."

"மனைவி எங்கே?"

"மனைவிக்கு இதுல ஒரு வேலையும் குடுக்கல சார். ஒண்ணு, அவர் நல்லவர். இல்லேன்னா, குடுத்தா அவங்க கேக்க மாட்டாங்க."

அந்த நேரம் பார்த்து ஆசிரியையின் கைபேசி மேசைமேல் தடதடவென்று அதிர்ந்தது. கணவர். மூன்று செய்திகள், ஒன்றன்பின் ஒன்றாக. அவள் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தாள்.

*தாளைக் கிடங்குல குடுத்துட்டேன்.*

*பாலத்தைக் கடந்ததும் வெடி வச்சுத் தகர்க்கணும்னு இருக்காம். எந்தப் பாலம்னு பசங்க கேக்கறாங்க.*

*உன் தம்பி வெடிக்கு எங்க சொல்றதுன்னு விசாரிச்சிட்டு இருக்கான். சீக்கிரம் பதில் போடு.*

அவளுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. அடக்கியதில் கண்ணில் நீர் வந்தது.

ஆய்வாளர் எழுந்து முன்னால் வந்தார். வகுப்பு சட்டென்று அடங்கியது. அவர் ஐந்தாவது தாளை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஒரே ஒரு கேள்வி. இந்தத் தாளை உங்க டீச்சர் வேணும்னே உங்களைச் சோதிக்க வச்சாங்களா, இல்ல தெரியாம வந்துச்சா? ஆதாரத்தோட சொல்லணும்."

ஆசிரியைக்குத் தெரிந்தது, விஷயம் இங்கே வந்து நிற்கிறது. வேண்டுமென்றே வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு, இரண்டு பாடவேளைகளையும் கையில் வாங்கிக்கொண்டு போய்விடலாம். கணக்கு ஆசிரியர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். அவளைக் காப்பாற்ற அவர்களுக்கு ஆசை இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. வக்கீல் அவளையும் சுவரில் இருந்த கேள்விகளையும் பார்த்தாள்.

"தெரியாம வந்தது சார்," என்றாள் வக்கீல். "நான் நேர்ல பார்த்தேன். யானைன்னு சொன்னதுலேர்ந்து மிஸ் தண்ணி பாட்டிலை மூணு தடவை திறந்தாங்க. ஒரு தடவை கூடக் குடிக்கல. வேணும்னே வச்சவங்க நிம்மதியா குடிச்சிருப்பாங்க." பிறகு தாழ்ந்த குரலில், "மன்னிச்சிருங்க மிஸ்," என்றாள்.

"மன்னிப்பு எதுக்கு?" என்றாள் ஆசிரியை. "சரியாத்தான் சொல்றே. ரெண்டு தடவைதான், மூணு இல்ல." அவள் ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "என் தப்பு சார். நகல் எடுத்தப்போ கலந்துடுச்சு. எழுதினது என் வீட்டுக்காரர். தலைமையகம் எங்கம்மா. கால்வாய்க் கட்டளை இப்போ அவரோட கிடங்குல இருக்கு. அங்க பன்னிரண்டு பேர் ஒரு பாலத்தைத் தேடிட்டு இருக்காங்க."

"மூணு தடவை மிஸ்," என்றான் ரேடியோ. "மூணாவது, ஃபிரிட்ஜுன்னு சொன்னப்போ. நான் பார்த்தேன்."

வகுப்பு வெடித்தது. இந்தத் தடவை தலைமை ஆசிரியை கைக்குட்டையை எடுக்கவில்லை. கணக்கு ஆசிரியரும் சிரித்தார். சிரித்ததை உடனே இருமலாக மாற்றப் பார்த்தார், பலிக்கவில்லை. ஆய்வாளரின் முகம் மட்டும் அப்படியே இருந்தது. அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இது எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் முதல் மாடியைத் தாண்டும்போது ஒரு பெருமூச்சு போல ஏதோ கேட்டதாக ஆறாம் குழு சொன்னது. அது சிரிப்புதானா என்று கேட்டதற்கு, நேரில் பார்க்கவில்லை என்று பதில் வந்தது.

ஆய்வாளரின் அறிக்கை ஏப்ரல் இரண்டாம் தேதி வந்தது. புதன், வெள்ளி பாடவேளைகள் வரலாற்று வகுப்புக்கே தொடரும். வகுப்பில் தரப்படும் ஆவணங்களை இன்னோர் ஆசிரியர் முன்கூட்டியே சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பொறுப்பு கணக்கு ஆசிரியருக்குத் தரப்பட்டது. ஏப்ரல் ஏழாம் தேதி அவர், தன்னிடம் வந்த முதல் ஆவணக் கட்டைச் சரிபார்த்து, இரண்டு தாள்களின் தேதிகள் ஒத்துப்போகவில்லை என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்.